மாதா கோவிலும் ஒரு தோழரின் கேள்வியும்

சென்ற மாதம் ஒரு பொதுக்கூட்டத்திற்காக நாம் தூத்துக்குடிக்குப் போயிருந்தோம். கூட்டம் மாலையில்தான் என்றபடியால், பகலில் சில தோழர்கள் நம்மைப் பழைய ஊர்ப் பக்கம் கடற்கரைச் சாலையிலிருக்கும் பனிமய மாதா கோவிலைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். கோவிலும் சாமியும் வேண்டாம் என்று மேடையில் பேசுகின்றவர்கள் கோவிலுக்குப் போகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வைத்தியன் வியாதிக்காரன் வீட்டுக்குப் போவது வியாதியை வாங்கி வருவதற்காக அல்ல. கும்பிடப் போகாதீர்கள் என்றுதான் சொல்லி வருகின்றோமே ஒழிய, கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் போகாதீர்கள் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

இதைப்பற்றி எழுதவேண்டும் என்கின்ற எண்ணமே நமக்கு முதலில் இல்லை. எழுதும்படி செய்தது நம்முடன் வந்த ஒரு தோழரின் கேள்வியாகும். அவர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்று சொல்லப்படுபவர். கோவிலுக்குள் நுழைந்து நாலாபக்கமும் பார்த்துவிட்டு அவர் நம்மிடம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, எங்கள் ஊர் அம்மன் தேர் எங்கள் தெருவுக்குள் வராது. நாங்கள் போய்த் தேங்காய் உடைத்தால் வெட்டுக்குத்து வரும். இங்கே நான் பீடத்துக்குப் பக்கம் வரை வந்துவிட்டேன். நீ என்ன ஜாதி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பேசாமல் நாங்கள் எல்லோரும் இந்த மதத்துக்கே வந்துவிட்டால் என்ன?"

இது சிரித்து மழுப்பிவிடத்தக்க கேள்வி அல்ல. அவமானத்தை அனுபவிக்கின்றவன் கேட்கின்ற கேள்வி. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை வாசகர்களுக்கும் சொல்லுவது நம் கடமை என்று கருதுகின்றோம்.

கோவிலும் கதையும்

இப்போதுள்ள கோவில் 1713-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னும் 1582 முதல் இவ்வூரில் மாதாவுக்கு ஒரு கோவில் இருந்து வந்திருக்கின்றது. அந்தக் கணக்கை வைத்து 400 வருஷம் முடிந்தபோது, 1982-இல் ரோமாபுரிப் போப்பாண்டவர் இதற்குப் பேராலயம் என்கின்ற பட்டம் கொடுத்தார். 1806-இல் ஒரு தங்கத்தேர் செய்து இழுத்தார்கள். 2023 ஆகஸ்டில் இழுத்தது பதினாறாவது தடவை. சாதாரண வருஷங்களில் ஜூலை 26-இல் கொடியேற்றி ஆகஸ்டு 5 வரை திருவிழா நடக்கின்றது. கொடி, சப்பரம், தேர், நேர்ச்சை, காணிக்கை, மொட்டை, மெழுகுவர்த்தி ஆகிய எல்லாம் இருக்கின்றன. கற்பூரத்திற்குப் பதில் சாம்பிராணி, சமஸ்கிருதத்திற்குப் பதில் நெடுங்காலம் லத்தீன் என்பதைத் தவிர, நம் ஊர்த் திருவிழாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் காணோம்.

இந்த மாதாவுக்குப் பனிமய மாதா என்று பெயர் வந்த காரணம் என்னவென்றால், நாலாம் நூற்றாண்டில் ஓர் ஆகஸ்டு மாதக் கோடையில் ரோமாபுரியிலுள்ள ஒரு குன்றின்மேல் பனி பெய்து, கோவில் கட்டவேண்டிய இடத்தை மாதா அடையாளம் காட்டினாராம். இந்தக் கதை அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூறு வருஷங்களுக்குப் பிறகுதான் எழுத்தில் தலைகாட்டுகின்றது. இதை நாம் சொல்லவேண்டியதில்லை. ரோமாபுரிச் சபையாரே 1969-இல் தங்கள் திருநாள் பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது, ஆகஸ்டு 5-ஆம் தேதிக்குரிய பெயரிலிருந்து பனியை எடுத்துவிட்டு, வெறும் ஆலயப் பிரதிஷ்டை நாள் என்று வைத்துக்கொண்டார்கள். ரோமாபுரியில் உருகிப்போன பனி, பனியே கண்டறியாத தூத்துக்குடியில் மாத்திரம் உருகாமல் இருக்கின்றது! இந்த ஊரில் ஆகஸ்டு மாதத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பது உப்பு ஒன்றுதான். அதை வாரிக் குவிக்கின்ற ஆணும் பெண்ணும் கால் வெடித்து, கண் கூசி, வெயிலில் நிற்கின்றார்கள். அவர்கள் பெயரால் தேர் இல்லை.

இன்னொரு கதை, சிலையைப்பற்றியது. இது மனிலா பட்டணத்துக் கன்னியாஸ்திரீகள் மடத்திலிருந்து 1555-இல் கப்பலில் வந்ததாகப் பக்தர்கள் சொல்லுகின்றார்கள். மனிலாவில் ஸ்பெயின்காரர்கள் போய்க் குடியேறிப் பட்டணம் அமைத்தது 1571-இல். பட்டணம் பிறப்பதற்கு 16 வருஷத்துக்கு முன்னாலேயே அதில் மடமும், மடத்துக்குள் சிலையும் இருந்திருக்க முடியுமா? வருஷம் தப்பாக இருக்கவேண்டும்; அல்லது ஊர் தப்பாக இருக்கவேண்டும். புராணத்தை ஒரு சாதாரண சரித்திரப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், அதன் யோக்கியதை வெளியாகிவிடும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

1707-இல் கோவிலில் இடி விழுந்ததென்றும், அதை மாதா தம்மேல் தாங்கிக்கொண்டார் என்றும் சொல்லுகின்றார்கள். 1752-இல் பிராங்க்ளின் என்கின்ற அமெரிக்கர் மின்னல் என்பது மின்சாரமே என்று காட்டி இடிதாங்கிக்கு வழி சொன்னார். அன்று முதல் உலகமெங்கும் எந்த மதத்துக் கோவில்காரரும் சாமியை நம்பிச் சும்மா இருக்காமல் கோபுரத்தில் இடிதாங்கி வைத்துக்கொள்ளுகின்றார்கள். 1658-இல் டச்சுக்காரர் இவ்வூரைப் பிடித்தபோது, அவர்களும் கிறிஸ்துவையே கும்பிடுகின்றவர்களாயிருந்தும், கத்தோலிக்கக் கோவில்கள் சிலவற்றைப் பண்டகசாலைகளாக்கினார்கள். அப்போது இந்தச் சிலையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் ஒளித்து வைத்ததாகக் கோவிலைச் சேர்ந்தவர்களே சொல்லுகின்றார்கள். மாதா மக்களைக் காப்பாற்றினாரா, மக்கள் மாதாவைக் காப்பாற்றினார்களா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

ஏன் மதம் மாறினார்கள்?

நிற்க, தோழர் கேட்ட விஷயத்துக்கு வருவோம். இந்தக் கடற்கரைப் பரதவர்கள் கிறிஸ்தவர்களானது எப்படி? ஞானம் உதித்தா? இல்லை. 1535, 36-ஆம் வருஷங்களில் முத்துச் சலாபத்தில் யாருக்கு உரிமை என்பதுபற்றி இவர்களுக்கும் முஸ்லீம் வியாபாரிகளுக்கும் பெரிய சண்டை வந்தது. உள்நாட்டு ராஜாக்களால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. கொச்சியில் போர்ச்சுகல்காரரிடம் பீரங்கிக் கப்பல் இருந்தது. குதிரை வியாபாரியான ஜான் தெ குரூஸ் என்பவர் வழி காட்ட, ஒரு தூது கோஷ்டி கொச்சிக்குப் போயிற்று. ஞானஸ்நானம் பெற்றால் பாதுகாப்பு என்று ஏற்பாடாகி, ஏறக்குறைய 20,000 பேர் வேதம் பயிலாமலேயே வேதத்தில் சேர்ந்தார்கள். 1538-இல் வேதாளையில் நடந்த கடற்சண்டையில் போர்ச்சுகல்காரர் ஜெயித்தார்கள். சவேரியார் என்கின்ற பாதிரியார் வந்தது அதற்கும் பிறகு, 1542-இல்தான். அவர் வந்து பார்த்தபோது, தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தெரிந்ததற்குமேல் அந்த ஜனங்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

இதற்காக அந்தப் பரதவர்களை நாம் குறை சொல்லுவோமா? ஒருபோதும் சொல்லமாட்டோம். பிழைப்பும் மானமும் போகும் நிலையில், எந்தச் சாமி காப்பாற்றும் என்று பார்க்காமல் எந்தக் கப்பல் காப்பாற்றும் என்று பார்த்தார்கள். அது பகுத்தறிவான காரியமேயாகும். ஆனால் கப்பல்காரன் சும்மா வருவானா? இந்தக் கடற்கரையின் வரிப்பணத்தில் வருஷத்துக்கு 4000 பணம், போர்ச்சுகல் ராணியம்மாளின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மூச்சையடக்கிக் கடலுக்குள் மூழ்குகின்றவன் இங்கே. செருப்பு மாட்டுகின்ற கால் லிஸ்பனில்! அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கி உபதேசியார்களின் சம்பளத்துக்குத் திருப்பியவர் சவேரியார். போர்ச்சுகல் அதிகாரிகளின் கொடுமைகளைக் கண்டித்துக் கடிதங்களும் எழுதினார். அவ்வளவில் அவரை நாம் மெச்சுகின்றோம்.

மெச்சவேண்டியவர் இன்னொருவரும் உண்டு. அவர் அன்றிக் அடிகளார் என்கின்ற அன்றிக் அன்றிக்கஸ் பாதிரியார். 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்னும் தமிழ்ப் புத்தகத்தையும், 1586-இல் இந்தத் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புன்னைக்காயலில் "அடியார் வரலாறு" என்னும் புத்தகத்தையும் அச்சிட்டவர் அவர். 1600-இல் இறந்து இவ்வூர் மாதா கோவிலிலேயே புதைக்கப்பட்டார். நம் நாட்டுப் பண்டிதர்கள் எழுத்தை ஏட்டுக்குள்ளேயும், ஏட்டை மடத்துக்குள்ளேயும் பூட்டி வைத்திருந்த காலத்தில், வலை வீசுகின்றவன் மொழியை அச்சில் ஏற்றியது சாமானிய காரியமல்ல. அச்சிட்ட சங்கதி மதப்பிரசாரமேயானாலும், அச்சு என்கின்ற ஆயுதம் பிற்பாடு எல்லோருக்கும் பயன்பட்டது. இந்தப் பத்திரிகையும் அதன் பயன்தான்.

ஆனால் இதே பாதிரியார் யூத வம்சத்தில் வந்தவர் என்பது வாசகர்களுக்குத் தெரியவேண்டும். அவருடைய சொந்தச் சங்கமாகிய இயேசு சபை 1593-இல், யூத வம்சத்தார் இனி நம்மில் சேரக்கூடாது என்று சட்டம் செய்தது. அந்தத் தடை முழுவதும் நீங்கியது 1946-இல். சீமையிலும் பிறவியில் தீட்டுப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஜாதி எங்கே போயிற்று?

இனி, தோழர் பெரிதாகக் கருதும் விஷயம்: "இங்கே ஜாதி கேட்கவில்லை" என்பது. வாசலில் கேட்கவில்லை என்பது உண்மைதான். அதைக் குறைவாக நாம் மதிக்கவில்லை. மேலச் சாதித் தெருவில் செருப்போடு நடக்க முடியாத மனிதனுக்கு அது பெரிய காரியம். ஆனால் வாசலோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

மதுரைக்கு 1606-இல் நொபிலி என்கின்ற இத்தாலிப் பாதிரியார் வந்தார். அங்கே ஏற்கெனவே பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோவில் இருந்தது. அவர்களோடு சேர்ந்திருந்தால் மேல்ஜாதியார் தம்மிடம் வரமாட்டார்கள் என்று கண்டு, அவர் காவி கட்டி, பூணூல் போட்டு, பார்ப்பனச் சமையற்காரனை வைத்துக்கொண்டு, தாம் பறங்கியல்ல, ரோமாபுரிப் பிராமணர் என்று தனியே குடியிருந்தார். பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் போப்பாண்டவரே உத்தரவு கொடுத்தார். பிறகு மேல்ஜாதிக்கு ஒரு சாமியார், கீழ்ஜாதிக்குப் பண்டாரச் சாமியார் என்று குருமாரிலேயே இரண்டு வகை செய்தார்கள். கிறிஸ்து ஒருவர்தான், அவரைக் கொண்டுவருகின்ற ஆள் மாத்திரம் ஜாதிக்குத் தக்கபடி வேறு!

அது 400 வருஷத்துப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கோவில் கட்டினார்கள். கால்சட்டையைப் போல இரண்டு கால் வைத்துக் கட்டி, ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார் இருந்து, நடுவில் சுவரோடு ஒரே பீடத்தைக் கும்பிட்டார்கள். 1910-இல் பாதிரிமார் அந்தச் சுவரை இடித்தபோது, எங்கள் ஜாதி உரிமை போயிற்று என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஐக்கோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள். சுவரைக் கட்டினவர்களும் கிறிஸ்தவர்கள், இடித்தவர்களும் கிறிஸ்தவர்கள், மறுபடி கட்டித்தா என்று கேட்டவர்களும் கிறிஸ்தவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் வைத்திருந்தது ஊரறிந்த விஷயம். பிணத்துக்கு என்ன ஜாதி என்று கேட்பதற்கு எந்த வேதத்தில் வசனம் இருக்கின்றது?

தூத்துக்குடி மேற்றிராசனம் 1923-இல் ஏற்பட்டபோது இந்நாட்டவராகிய ரோச் என்பவர் மேற்றிராணியாரானார். லத்தீன் முறைத் திருச்சபையில் இது புதுமை என்று அப்போது கொண்டாடினார்கள். 1536-இல் மதம் மாறினவர்களுக்கு, தங்கள் நாட்டான் ஒருவன் தங்கள்மேல் அதிகாரம் செய்ய 387 வருஷம் பிடித்தது! பெண்களுக்கோ இன்னும் அந்த வருஷம் வரவில்லை. ஒரு பெண்ணைத் தங்கத்தேரில் ஏற்றி இழுக்கின்றார்கள். ஆனால் எந்தப் பெண்ணும் பீடத்தில் நின்று பூசை வைக்கக்கூடாது என்கின்றார்கள். சிலையாகப் பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை மனுஷியாகக் கிடைக்கவில்லை. இந்த விஷயத்தில் நம் அம்மன் கோவில் பூசாரிகளும் இவர்களும் ஒரே ஜாதிதான்.

மச்சான் கையில் கயிறு

கோவிலை விட்டு வெளியே வந்தபோது, மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரோடு பேச நேர்ந்தது. வாலிபத்தில் சங்கு குளித்தவர். கடலில் சுறா இல்லையா என்று கேட்டோம். "மாதா பார்த்துக்கிடும்" என்றார். நீங்கள் முங்கும்போது மேலே கயிற்றை யார் பிடிப்பார்கள் என்று கேட்டோம். "மச்சான்தான். பெண்சாதியோட கூடப்பிறந்தவன். அவன்தான் தங்கச்சி தாலியை நினைச்சுக் கையை விடமாட்டான்" என்றார். மாதாதான் பார்த்துக்கொள்ளுகின்றாரே, கயிற்றை யாரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டோம். பெரியவர் சிரித்துவிட்டு, "அது எப்படி ஐயா? உயிர் விஷயமாச்சே!" என்றார்.

தோழர்களே, நாம் மணிக்கணக்காகப் பேசுகின்ற பகுத்தறிவுப் பிரசங்கம் எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிட்டது. வாயில் மாதா, கயிறு மச்சான் கையில். உயிர் விஷயத்தில் மனிதன் மனிதனைத்தான் நம்புகின்றான்; அதுவும் காரண காரியம் பார்த்துப் பொறுக்கி எடுத்து நம்புகின்றான்.

இந்தச் சுறா விஷயத்திலும் ஒரு பழைய கதை இருக்கின்றது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிக்கும் இடங்களில் பார்ப்பனர்கள் மந்திரத்தால் பெரிய மீன்களைக் கட்டிவிடுவதாகச் சொல்லி, முத்தில் இருபதில் ஒரு பங்கு வாங்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கின்றார். ராஜாவுக்குப் பத்தில் ஒன்று. பகலில் கட்டின மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் இரவில் திருட்டுத்தனமாக முங்காதபடி! பிற்காலத்தில் இந்த உத்தியோகம் "கடல் கட்டி" என்கின்ற ஒரு குடும்பத்தார் கைக்கு வந்தது. வெள்ளைக்கார சர்க்காரும், இவன் வராவிட்டால் குளிக்கிறவன் கடலில் இறங்கமாட்டான் என்று இவனை வைத்துக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை முத்துக்குளிப்பில் இந்த வேலை பார்த்தவர் கத்தோலிக்கர் என்று டெனன்ட் என்கின்ற அதிகாரி எழுதியிருக்கின்றார். பார்த்தீர்களா? மதம் மாறிற்று, சாமி மாறிற்று, பயமும் பங்கும் மாறவில்லை. சுறாவுக்கு மந்திரம் சொன்னது வேதப் பிராமணனா, வேதக் கிறிஸ்தவனா என்கின்ற வித்தியாசம் தெரியாது.

முத்தின் கதையும் அப்படித்தான். மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகின்றது என்று நம் புலவர்கள் பாடினார்கள். 1961-க்குப் பிறகு இந்தக் கடற்கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார்களில் சிப்பி இல்லாமற் போனபோது எந்த நேர்ச்சையும் அதைக் கொண்டுவரவில்லை. 1973-இல் இதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு சிப்பிக்குள் ஓட்டினால் செய்த சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்து உருண்டை முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். கடவுள் ரகசியம் என்றிருந்தது கைவேலையாயிற்று.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி வந்தபோது வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் முடிந்து வந்திருந்த யாத்திரைக்காரர் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். கோவில் தப்பியது அற்புதம் என்றார்கள். கும்பிட வந்தவன் சாவதும் கட்டிடம் நிற்பதும் அற்புதமானால், அந்த அற்புதம் யாருக்கு வேண்டும்? 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலில் போன மீனவர்களுக்கு வேண்டியிருந்தது ஜெபமாலை அல்ல. முன்கூட்டிய எச்சரிக்கை, நடுக்கடலில் கேட்கக்கூடிய ரேடியோ, உடனே தேடிப்போகும் கப்பல் ஆகியவைகளே.

தோழருக்குப் பதில்

ஆகவே தோழருக்கு நாம் சொன்னது என்னவென்றால்: "தீப்பிடித்த வீட்டை விட்டு ஓடாதே என்று உம்மை நாம் தடுக்கமாட்டோம். தடுப்பதற்கு நமக்கு யோக்கியதையும் இல்லை. ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்துகின்றவன், முதலில் தீ வைத்தவனைப் பிடிக்கட்டும். ஆனால் புது வீட்டுக்குப் போகுமுன் அதன் உத்தரமும் அதே மரத்தால் செய்ததா என்று தட்டிப் பாரும். இன்னொன்றும் பாரும். 1950-இல் இந்திய சர்க்கார் போட்ட உத்தரவின்படி, தாழ்த்தப்பட்டவர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றார். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் விலக்குக் கொடுத்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லீமுக்கும் கொடுக்கவில்லை. நம் ராஜ்யத்தில் அவர்களைப் பிற்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கின்றார்கள். ஊரில் ஜாதி போகாது, சர்க்காரில் சலுகை மாத்திரம் போகும். இது அநியாயம், இதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் தெரிந்துகொண்டு காலை வையும். மாதாவிடம் வந்தாலும் மாரியிடம் இருந்தாலும், உம்முடைய தெருவுக்குள் தேர் வரவில்லையே என்று ஏங்குகின்ற வரையில் உமக்கு விடுதலை இல்லை. தேரே வேண்டியதில்லை என்று உம்முடைய மனம் சொல்லுகின்ற அன்றைக்குத்தான் உம்மை ஒருவனும் தாழ்த்த முடியாது" என்றோம்.

அவர் யோசித்துவிட்டு, "அதற்குள் தெருவுக்குக் குழாய் வருமா ஐயா?" என்று கேட்டார். நமக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டது நியாயம். தண்ணீருக்குத் தவித்த இந்தத் தூத்துக்குடிக்கு 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தவர், முனிசிபல் சேர்மனாக இருந்த குரூஸ் பர்னாந்து. அவரும் பரதவர், கத்தோலிக்கர்தான். ஆனால் தண்ணீர் வந்தது நேர்ச்சையால் அல்ல. வரிப்பணத்தாலும் குழாயாலும் விடாமுயற்சியாலும் வந்தது. அந்தக் குழாயில் எல்லா ஜாதிக்காரனும் எல்லா மதக்காரனும் குடித்தான். நாம் பாராட்டும் அற்புதம் அதுதான். குழாய் கேட்பதும் சுயமரியாதைப் பிரசாரமே என்று ஒப்புக்கொண்டு, மறுவாரமே அக்கிராமத்துத் தோழர்களோடு மனுவில் கையெழுத்திட்டோம்.

கடைசியாக ஒன்று. 2018 மே 22-இல், ஸ்டெர்லைட் செம்பு உருக்காலையை மூடவேண்டும் என்கின்ற போராட்டத்தின் நூறாவது நாளன்று, ஜனங்கள் கூடிக் கலெக்டர் ஆபீசுக்குப் புறப்பட்டது இதே மாதா கோவில் முன்புறத்திலிருந்துதான். அன்றும் மறுநாளும் போலீசார் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். செத்தவர்களில் எல்லா வகுப்பாரும் இருந்தார்கள். ஆலையை மூட சர்க்கார் உத்தரவிட்டது அந்த மாதம் 28-இல். 2024-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை மாற்ற மறுத்துவிட்டது. அன்று அந்த வாசலில் நின்றவர்கள் உள்ளே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. கோவிலுக்கு முதுகைக் காட்டி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

அந்தக் கோவிலில் நாம் கண்டவற்றுள் பார்க்கத் தகுந்தது அந்த வாசல்தான். கயிறு மனிதர் கையில் இருக்கின்றது. அதை விடாமல் பிடிப்பதே நம் வேலை.